நவீன ஒப்பந்த ஆய்வு: ஆவணங்களை வைத்தா, சமூகத்தோடு சேர்ந்தா?

கனடாவில் பூர்வகுடிகளோடு 1975 முதல் அரசு போட்ட நில உரிமை ஒப்பந்தங்களை, அதாவது நவீன ஒப்பந்தங்களை, ஆராய வருபவர்கள் பலர் இரண்டு வழிகளுக்கு நடுவே தடுமாறுகிறார்கள்: ஆவணங்களை மட்டும் வைத்துச் செய்யும் ஆவண ஆய்வு, பூர்வகுடிச் சமூகத்தோடு சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வு.

நேரம்
ஆவண ஆய்வு: வேகம் உங்கள் கையில்.
கூட்டு ஆய்வு: வேட்டைக்குப் போகும் பருவத்தில் ஊரில் ஆள் கிடைக்காது. கேள்வியையே சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

செலவு
ஆவண ஆய்வு: குறைவு.
கூட்டு ஆய்வு: வடக்கே விமானக் கட்டணமே கையைக் கடிக்கும். மொழிபெயர்ப்பாளருக்கும் மூத்தோருக்கும் தரும் ஊதியத்தைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அது தர்மம் இல்லை, கூலி.

தரவு யாருடையது
ஆவண ஆய்வு: பெரும்பாலும் பொதுவில் இருப்பதுதான்.
கூட்டு ஆய்வு: சமூகத்துடையது. இதில் பேரமே கூடாது.

என்ன கிடைக்கும்
ஆவண ஆய்வு: அரசு எதற்கு ஒப்புக்கொண்டது என்பது தெரியும்.
கூட்டு ஆய்வு: அது ஊரில் நடந்ததா என்பது தெரியும். 1970-களில் கனடாவின் வடக்கே வாழும் பூர்வகுடிகளான இனுயிட் வேட்டைக்காரர்கள் தாங்கள் கரிபூ மான் வேட்டையாடிய, மீன்பிடித்த, பொறிவைத்த இடங்களை வரைபடத்தில் தாங்களே குறித்துக் காட்டினார்கள். 1976-இல் மூன்று தொகுதிகளாக வந்த அந்த ஆய்வு, வடக்கே உள்ள இனுயிட் பகுதியான நுனாவுட்டின் நில உரிமைக் கோரிக்கைக்கு அடித்தளமானது. 1993-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்த ஆவணக் காப்பகத்திலும் அந்தக் கோடுகள் இருந்ததில்லை.

சரி, எதை எடுப்பது? ஒப்பந்த வாசகங்களை ஒப்பிடுவதோ, ஒரு வருடத்தில் முடிக்க வேண்டிய முதுகலை ஆய்வோ என்றால் ஆவணம் போதும். வீடு, மொழி, வேட்டை உரிமை பற்றிய வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று கேட்டால் கூட்டு ஆய்வுதான். அவசரமாக அரைகுறைக் கூட்டு ஆய்வு செய்வதைவிட நேர்மையான ஆவண ஆய்வு மேல்.