பூச்சிகளைப் படமெடுக்க மேக்ரோ லென்ஸா, டியூபா, குளோஸ்-அப் லென்ஸா?

பல ஆண்டுகளாகப் படமெடுத்துவரும் ஒருவர் பூச்சிகளின் பக்கம் திரும்பும்போது, 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் 70–300 மி.மீ. ஜூம் ஒன்றும் பெரும்பாலும் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். அவற்றோடு சேர்க்க வேண்டியது மிக அருகில் படமெடுப்பதற்கென்றே செய்த தனி மேக்ரோ லென்ஸா, லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூபா, ஜூமின் முன்னால் திருகி மாட்டும் குளோஸ்-அப் லென்ஸா என்பதே கேள்வி. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவன். ஆகவே இந்த ஒப்பீடு அதன் பக்கமே சாயும்.

விலை அதிகம் என்றாலும், தெளிவில் மேக்ரோ லென்ஸே முதலிடம் பெறும். அதில் விவாதம் இல்லை. டியூபுக்குள் கண்ணாடி கிடையாது. லென்ஸைச் சென்சாரிலிருந்து விலக்கி வைப்பது மட்டுமே அதன் வேலை என்பதால் மலிவாகக் கிடைக்கிறது. டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (50, 200 என்று லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் தெரிந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. டியூப் பாதி அளவு உருவத்தைத் தரும், 200 மி.மீ. லென்ஸில் அதே பலனைப் பெற 100 மி.மீ. நீளத்துக்கு டியூபுகளை அடுக்க வேண்டும். எனவே அது குட்டை லென்ஸ்களுக்கான கருவி.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: லென்ஸின் முன்முனைக்கும் பூச்சிக்கும் இடையில் எஞ்சும் தூரம். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸின் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் ஏறக்குறைய 30 செ.மீ. என்று குறிப்பிடப்பட்டிருக்கும். அது சென்சாரிலிருந்து அளக்கப்படுவதால், கேமராவின் ஆழமும் லென்ஸின் நீளமும் போக, உயிரளவு உருவம் (சென்சாரில் பூச்சி அதன் உண்மையான அளவிலேயே விழுவது) எடுக்கும்போது கையில் மிஞ்சுவது 13 முதல் 15 செ.மீ. தான். 50 மி.மீ. லென்ஸும் டியூபும் என்றால் அதைவிடக் குறைவு. லென்ஸின் நிழலே பூச்சியின் மேல் விழும், தட்டான் அதற்கு முன்பே பறந்திருக்கும்.

குளோஸ்-அப் லென்ஸின் கணக்கு வேறு. ஜூமை முடிவிலியில் ஃபோகஸ் செய்து வைத்தால், பூச்சிக்கும் லென்ஸின் முன்முனைக்கும் இடையிலான தூரத்தை குளோஸ்-அப் லென்ஸின் டையாப்டர், அதாவது அதன் திறனைச் சொல்லும் எண், மட்டுமே நிர்ணயிக்கும்: +2 என்றால் 50 செ.மீ., +4 என்றால் 25 செ.மீ. ஜூம் வளையத்தைத் திருப்பினால் தூரம் மாறாது, உருப்பெருக்கம் மட்டுமே மாறும். +4 லென்ஸுடன் 200 மி.மீ.யில் 0.8 மடங்கும் 300 மி.மீ.யில் 1.2 மடங்கும் கிடைப்பதால், 25 செ.மீ. தள்ளி நின்றே உயிரளவைத் தாண்டிவிடலாம். வண்ணத்துப்பூச்சியின் விரிந்த சிறகை 100 மி.மீ.யில் எடுத்துவிட்டு, காலை நகர்த்தாமலே அதன் தலையை நெருங்கலாம். டியூபால் உயிரளவை எட்டும்போது இரண்டு ஸ்டாப் ஒளி போய்விடும், அதாவது நான்கில் ஒரு பங்கே எஞ்சும். இங்கே அந்த இழப்பு இல்லை. ஃபிளாஷை நிறுத்தவும் தாராளமாக இடம் இருக்கிறது.

பராமரிப்பும் துடைப்பதோடு முடிந்துவிடுகிறது. மோட்டாரும் மின்தொடர்பும் இல்லாததால் கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. நாளை வேறு நிறுவனத்தின் கேமராவுக்கு மாறினாலும் கூடவே வரும். புழுதி பறக்கும் இடத்தில் சென்சாரைத் திறந்துகாட்டாமல் மாட்டிக் கழற்றலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. ஃபோகஸ் கிடைக்கும் வீச்சு சில சென்டிமீட்டர் மட்டுமே என்பதால், கேமராவை முன்னும் பின்னும் அசைத்தே கூர்மையைப் பிடிக்க வேண்டும். தொலைவில் ஒரு பறவை வந்து அமர்ந்தால் கழற்றியாக வேண்டும். மேக்ரோ லென்ஸோ முடிவிலி வரை தடையின்றிப் போகும். தபால்தலை, நாணயம் போன்ற தட்டையான பொருள்களை ஓரம்வரை கூர்மையாக எடுக்க விரும்புபவருக்கு மேக்ரோ லென்ஸையே பரிந்துரைப்பேன். நான் பயன்படுத்தியது ஒரே ஒரு 70–300 ஜூமில்தான். நீண்ட முனையில் சற்று மங்கும் ஜூம்கள் பல இருப்பதால், இந்த அனுபவம் எல்லா லென்ஸுக்கும் அப்படியே பொருந்தும் என்று உறுதி கூற மாட்டேன்.

வாங்கும்போது, ஒற்றைக் கண்ணாடியாலான மலிவான தொகுப்புகளைத் தவிர்த்து, இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த அக்ரோமேட் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். முந்தையவற்றில் வெளிச்சமான ஓரங்களில் ஊதாவும் பச்சையும் கசியும். கையிலுள்ள லென்ஸ்களில் மிகப் பெரிய திருகு விட்டத்துக்குப் பொருந்துவதை வாங்கினால், சிறியவற்றுக்கு, சிறிய திருகைப் பெரியதோடு இணைக்கும் ஒரு ஸ்டெப்-அப் வளையம் போதும்.