கார் சீட்டில் கிரீஸ் கறையா? வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் கவனம்

16,500 ரூபாய் போய்விட்டது. கறை போகவில்லை. உள்ளங்கை அளவு இருந்த கறை இப்போது சீட்டின் பாதியைப் பிடித்திருக்கிறது. கொழும்பில் துணி சீட் உள்ள கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, பிறகு யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். கறையை எப்படிப் பாதுகாப்பாக எடுப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுடையது வாகன் ஆர் ஹைபிரிட். முன்சில்லைச் சுழற்றும் அச்சின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கராஜில் மாற்றினோம். சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்பதற்காக என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்த கராஜ் பையனின் காற்சட்டையில் இருந்த கிரீஸ், இடது முன்சீட்டில் அப்பிக்கொண்டது. அந்த மூட்டுக்குப் போடும் கிரீஸில் பெரும்பாலும் மொலிப்டினம் சேர்ந்த கறுப்புத் தூள் கலந்திருக்கும். அதனால்தான் அவ்வளவு கறுப்பு. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிறகு வந்தவர்கள்தான் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம்.

வீடு தேடி வந்து காரின் உட்புறத்தைச் சுத்தம் செய்து தரும் சேவை என்று சமூக வலைத்தளத்தில் விளம்பரம். 'எந்தக் கறையும் போகும், போகாவிட்டால் பணம் திரும்ப.' அழைத்தேன். சொன்ன நேரத்துக்கு, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். நல்ல உடுப்பு, மரியாதையான பேச்சு. பெரியவர் போல இருந்தவர் ஒரு வெள்ளைத் துணியில் ஏதோ திரவத்தைத் தெளித்து, கறையின் ஓரத்தில் ஒற்றி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். துணியில் கறுப்பாக கிரீஸ். "பாருங்கள் அண்ணா, தொட்டதுமே வருகிறது. முழுதாக எடுத்துத் தருகிறோம்." அம்மாவும் பக்கத்தில் நின்று பார்த்தார். கண் முன்னே கறை வரும்போது யார்தான் நம்பமாட்டார்கள்? மேலே படிந்திருக்கும் கிரீஸ் எந்தக் காய்ந்த துணியில் ஒற்றினாலும் வரும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நூலுக்குள்ளும் அதற்குக் கீழே பஞ்சுக்குள்ளும் இறங்கியதை எடுப்பதுதான் வேலை. அந்த வேலை அவர்களுக்குத் தெரியாது.

அந்தத் துணியை நீட்டிய கையோடுதான் பணம் கேட்டார்கள். இதற்கென்று தனி இரசாயனம் திறக்க வேண்டுமாம், முழுத் தொகையையும் இப்போதே கணக்கில் போட்டால் உடனே தொடங்கலாமாம். 16,500 ரூபாயையும் அங்கேயே நின்று அனுப்பினேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம் அண்ணா" என்றார். இன்றுவரை வரவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்லவே கை நடுங்குகிறது. விளம்பரத்தில் காட்டிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு வாளித் தண்ணீர், நுரை, தரை தேய்க்கும் தும்புப் பிரஷ். சீட்டில் தண்ணீரை ஊற்றினார்கள். தெளிக்கவில்லை, ஊற்றினார்கள். இந்தக் காரின் ஹைபிரிட் பற்றரி இருப்பதே அந்த இடது முன்சீட்டுக்குக் கீழேதான். அம்மா பதறிப்போய்ச் சொன்னதற்கு, "ஒன்றும் ஆகாது அம்மா, தினமும் செய்கிறோம்" என்று அவரை வாயடைத்துவிட்டார்கள். ஈரமாக இருந்தபோது சீட் ஒரே நிறமாகத் தெரிந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் படம் இப்போது அவர்களுடைய விளம்பரத்தில் இருக்கிறது!

காய்ந்ததும் உண்மை வெளியே வந்தது. பஞ்சு வரை இறங்கிய கிரீஸும் சவர்க்காரமும், தண்ணீர் ஆவியாக ஆவியாக மேலே ஏறி வந்து, பழுப்பு வளையமாகப் பெரிதாகப் பரவி நின்றன. தேய்த்த இடத்தில் துணி பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கிறது. கொழும்புப் புழுக்கத்தில் உள்ளே ஈரம் காயாமல், கதவைத் திறந்தாலே புளித்த நாற்றம்.

அழைத்தேன். முதலில், "இன்னும் காயவில்லை அண்ணா, வெயிலில் விடுங்கள்." விட்டேன். பிறகு, "அது கறை இல்லை, துணியின் நிறமே அப்படித்தான்." படம் அனுப்பினேன். "முதலாளி கண்டியில், வந்ததும் பேசுவார்." முதலாளி வரவேயில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "கிரீஸுக்கு உத்தரவாதம் இல்லை என்று முதலிலேயே சொன்னோமே" என்றார்கள். பச்சைப் பொய். இப்போது என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள். விளம்பரத்தின் கீழே நான் எழுதியதும் அழிக்கப்பட்டுவிட்டது. 16,500 ரூபாய்! வேலை செய்து சம்பாதித்த காசு. இப்போது சீட்டைக் கழற்றி, உறையை உரித்து, பஞ்சைத் தனியாகக் காயவைக்க வேண்டும் என்கிறார் குஷன் வேலை செய்பவர். அதற்கு வேறு செலவு.

கறை எடுக்கும் முறையை விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மனம் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கிரீஸ் பட்டவுடன் தேய்க்காதீர்கள், கரண்டியால் வழித்து எடுங்கள். சோளமாவோ அப்பச்சோடாவோ தூவி அரை மணி நேரம் விட்டு, தூசு உறிஞ்சும் இயந்திரத்தால் எடுங்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, வெள்ளைத் துணி, வெளியோரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். முதலில் தெரியாத மூலையில் சோதித்துப் பாருங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால் அது காற்றுப்பைக்கானது, அங்கே தண்ணீர் போகக்கூடாது.

வேலை முடிந்து, சீட் காய்ந்து, நீங்கள் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பற்றுச்சீட்டு தராதவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. என் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கப் போகிறேன், பணம் அனுப்பிய பதிவும் படங்களும் கையில் இருக்கின்றன. இதே போல வெள்ளைத் துணியை நீட்டிக் காட்டி உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால், அந்த உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். நீங்களும் முறைப்பாடு கொடுங்கள்.