டபுள் கிளேசிங் மங்கிப்போச்சா? ஜன்னல முழுசா மாத்த வேண்டாம்: லண்டன் ஹாரோ பக்கத்து கண்ணாடிக் கடை ரிவியூ

டபுள் கிளேசிங்னா ரெண்டு கண்ணாடிய நடுவுல இடைவெளி விட்டு, ஓரத்த சீல் பண்ணி, ஒரே யூனிட்டா ஃப்ரேம்ல போடுறது. அந்த ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல ஈரம் இறங்கி ஜன்னல் மங்கலாயிடுச்சுன்னா, பெரிய ஜன்னல் கம்பெனி சேல்ஸ்மேன் வந்து உக்காந்து சொல்றது பெரும்பாலும் ஒண்ணுதான், ஃப்ரேமோட எல்லாத்தையும் மாத்திடுங்க, இந்த ஆஃபர் இன்னைக்கு கையெழுத்துப் போட்டா மட்டும்தான்னு. எங்க வீட்டுக்கு வந்தவரும் அதையேதான் சொன்னாரு. அதுக்கப்புறம் ஹாரோ பக்கத்துல இருக்கிற ஒரு சின்ன கண்ணாடிக் கடைக்காரர் வந்து பார்த்துட்டு, ஃப்ரேம் கெட்டியா இருக்கு, இதத் தூக்கிப் போட வேண்டாம், உள்ள இருக்கிற கண்ணாடி யூனிட் மட்டும் மாத்துனா போதும்னு சொன்னாரு, சொன்ன மாதிரியே செஞ்சும் கொடுத்தாரு. அந்தக் கடையப் பத்திதான் இது. ரொம்ப சின்ன கடை, ரெண்டு மூணு பேர்தான் வேலை பாக்குறாங்க, அதனால பேரு பொதுவுல போடல, தேவைப்படுறவங்க தனியா கேளுங்க, சொல்றேன்.

நம்ம ஆளுங்க நிறைய பேரு ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம் பக்கம் 1930கள்ல, இல்ல அதுக்கும் முன்னாடி கட்டின வீடுகள வாங்கிருக்கோம், பெரும்பாலும் முன்னாடி இருந்தவங்க போட்ட வெள்ளை யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல்தான் இருக்கும். இந்த ஃப்ரேம் லேசுல கெட்டுப்போகாது, முதல்ல கெடுறது கண்ணாடி யூனிட்டோட சீல், அப்புறம் ஹிஞ்ச் (கீல்), அப்புறம் ஹேண்டில், அப்புறம் சுத்தி இருக்கிற ரப்பர் கேஸ்கெட். இது நாலும் தனித்தனியா கிடைக்கும், தனித்தனியா மாத்தலாம். இதத் தெரிஞ்சுக்காம ஆயிரக்கணக்குல பவுண்டு செலவு பண்றவங்கள பாக்குறப்போ மனசு கஷ்டமா இருக்கு, அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

அவர் வந்ததும் முதல்ல பண்ணது, ஒவ்வொரு ஜன்னல்லயும் ஈரம் எங்க இருக்குன்னு விரல வச்சு தேய்ச்சுப் பார்த்ததுதான். ரூம் பக்கம் ஈரம் இருந்தா அது ஜன்னல் கோளாறு இல்ல, வீட்டுக்குள்ள ஈரக்காத்து ஜாஸ்தின்னு அர்த்தம், சமைக்கிறப்போ எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் போடுங்க, ரேடியேட்டர் மேல துணி காயப் போடாதீங்க, ஜன்னல் மேல காத்து வந்து போறதுக்கு இருக்கிற சின்னத் திறப்ப, டிரிக்கிள் வென்ட்ட, மூடி வைக்காதீங்கன்னு சொன்னாரு. காலையில வெளிப்பக்கம் ஈரம் படிஞ்சா அது நல்லதாம், உள்ள இருக்கிற சூடு வெளிய போகல, அதனால வெளிக்கண்ணாடி சில்லுனு இருக்கு, அவ்வளவுதான். ரெண்டுக்கும் நடுவுல, எந்தப் பக்கம் துடைச்சாலும் போகாத மங்கல் இருந்தா மட்டும்தான் சீல் போயிடுச்சுன்னு அர்த்தம். எங்க கிச்சன் ஜன்னல்ல இருந்தது ரூம் பக்கத்து ஈரம், இட்லி அவிக்கிற ஆவிதான், அதுக்கு நீங்க எனக்குக் காசு கொடுக்க வேண்டாம்னு அந்த ஜன்னல கணக்குலயே சேக்கல. முன்னாடி வந்த சேல்ஸ்மேன் அதையும் சேர்த்துத்தான் கோட்டேஷன் போட்டிருந்தாரு. எனக்கு இவர் மேல நம்பிக்கை வந்தது அங்கதான்.

சீல் ஏன் போகுதுன்னு கேட்டதுக்கு பொறுமையா விளக்கினாரு. ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல ஓரமா சுத்திலும் ஒரு பட்டை ஓடும், ஸ்பேசர் பார்ம்பாங்க, புது ஷூ டப்பாக்குள்ள ஈரம் உறிஞ்ச ஒரு சின்ன பாக்கெட் போட்டிருப்பாங்கல்ல அந்த மாதிரி ஈரம் உறிஞ்சுற குருணைய அந்தப் பட்டைக்குள்ள நிரப்பிருப்பாங்க. வெயில்ல உள்ள இருக்கிற காத்து விரியும், குளிர்ல சுருங்கும், வருஷக்கணக்கா இப்படியே விரிஞ்சு சுருங்கி ஓரத்துல இருக்கிற சீல் களைச்சுப்போயி ஈரம் உள்ள வர ஆரம்பிக்கும், கொஞ்ச காலம் அந்தக் குருணை தாங்கும், அது நிறைஞ்சதுக்கு அப்புறம்தான் நம்ம கண்ணுக்கு மங்கல் தெரியும். இதுல முக்கியமான இன்னொரு விஷயம், ஃப்ரேமோட அடியில தண்ணி வெளிய போக ஓட்டை இருக்கும், அது பாசி, மண்ணு, பூச்சிக்கூடுன்னு அடைச்சுக்கிட்டா மழைத்தண்ணி உள்ளயே தேங்கி யூனிட்டோட அடி ஓரம் ஊறிக்கிட்டே இருக்கும், சீல் சீக்கிரமே போயிடும். எங்க ஹால் பெரிய ஜன்னல்ல அந்த ஓட்டை முழுசா அடைச்சிருந்துச்சு. புது யூனிட் வைக்கிறதுக்கு முன்னாடி அத சுத்தம் பண்ணி, ஒரு கப் தண்ணிய உள்ள ஊத்தி, அது வெளிய வந்து விழுறத எனக்குக் காட்டிட்டுத்தான் கண்ணாடிய தூக்கினாரு. இதச் செய்யாம யூனிட் மட்டும் மாத்திட்டுப் போறவங்க வேலை நிக்காது.

அப்புறம் ஒரு லைட்டர பத்த வச்சு கண்ணாடி முன்னாடி பிடிச்சாரு. ரெண்டு கண்ணாடிக்கும் சேர்த்து நாலு பரப்பு இருக்கு, அதனால நாலு தீ தெரியும், நாலுல ஒண்ணு மட்டும் வேற கலர்ல தெரிஞ்சா அந்தப் பரப்புல லோ-ஈ கோட்டிங் இருக்குன்னு அர்த்தம், வீட்டுச் சூட்டத் திருப்பி உள்ளயே அனுப்புற மெல்லிசான பூச்சு அது. எங்க ஹால்ல நாலும் ஒரே கலர், அதாவது கோட்டிங் இல்லாத பழைய யூனிட், அதனால மங்கல் போறது மட்டும் இல்லாம குளிருக்கும் முன்னவிட நல்லா இருக்கும்னு சொன்னாரு, இருந்துச்சு. ஆனா ஒரு எச்சரிக்கையும் சொன்னாரு, ஒரே ஜன்னல்ல ஒரு யூனிட்ட மட்டும் மாத்துனா பக்கத்துல இருக்கிற பழசுக்கும் புதுசுக்கும் லேசா நிற வித்தியாசம் தெரியலாம், பிறகு வந்து சண்டை போடாதீங்கன்னு. உத்துப் பார்த்தா தெரியுது, எனக்கு அது பெருசா படல.

அளவு எடுக்குறதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. கண்ணுக்குத் தெரியுற கண்ணாடிய அளந்து ஆர்டர் போட்டா வேலைக்கு ஆகாது, கண்ணாடிய ஃப்ரேம்ல பிடிச்சு வச்சிருக்கிற பிளாஸ்டிக் பட்டைய, அதாவது பீடிங்க கழட்டிப் பார்த்து யூனிட்டோட முழு அகல உயரத்தையும் கனத்தையும் எடுக்கணும். கனம் ரொம்ப முக்கியம், 4 மி.மீ கண்ணாடி, 20 மி.மீ இடைவெளி, 4 மி.மீ கண்ணாடின்னு 28 மி.மீ யூனிட்தான் இப்ப சகஜம், பழைய ஜன்னல்கள்ல 24, 20 மி.மீ கூட இருக்கும், இருக்கிற பீடிங்குக்கு ஏத்த கனத்துலதான் வாங்கணும், இஷ்டத்துக்கு கூட்டிக்க முடியாது. தரையிலருந்து 800 மி.மீ உயரத்துக்குக் கீழ வர்ற ஜன்னல் கண்ணாடியும், கதவுல 1500 மி.மீக்குக் கீழ வர்றதும் சேஃப்டி கிளாஸா இருக்கணும், டஃபன்டோ (சூடாக்கி கெட்டியாக்கினது) லேமினேட்டடோ (நடுவுல பிளாஸ்டிக் தாள் வச்சு ஒட்டினது), ஓரத்துல அதுக்கான முத்திரை இருக்கும். எங்க ஹால் ஜன்னல் கிட்டத்தட்ட தரை வரைக்கும் வரும், அதுல இருந்த பழைய கண்ணாடியில எந்த முத்திரையும் இல்ல, சின்னப் பசங்க இருக்கிற வீடு, இத நான் சாதாரணமா போட மாட்டேன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. டஃபன்ட் கண்ணாடிய செஞ்சதுக்கு அப்புறம் வெட்டவே முடியாது, அளவு தப்பா ஆர்டர் போயி பெருசா வந்தா தூக்கிப் போட வேண்டியதுதான், அதனால அளவு எடுக்குற பொறுப்ப கடைக்காரர் மேலயே விடுங்க, தப்பானா செலவு அவங்களோடது.

மாத்துற வேலை பாக்கவே நல்லா இருந்துச்சு. நீளமான பீடிங்கோட நடுவுல தட்டையான உளிய விட்டு மெதுவா நெம்பி எடுத்தாரு, மூலையில ஆரம்பிச்சா பிளாஸ்டிக் உடைஞ்சிடுமாம். எல்லா பீடிங்கும் உள்பக்கமே இருந்ததால மாடி ஜன்னலுக்குக்கூட ஏணி தேவைப்படல. கண்ணாடிய அப்படியே ஃப்ரேம்ல உக்கார வைக்கல, பேக்கர்னு சின்னச் சின்ன கலர் பிளாஸ்டிக் துண்டுங்க மேலதான் உக்கார வைக்கிறாங்க. இதுல விஷயம் இருக்கு, சைடுல திறக்குற ஜன்னலா இருந்தா ஹிஞ்ச் பக்கத்து அடி மூலையிலயும் அதுக்கு குறுக்கா எதிர்ல லாக் பக்கத்து மேல் மூலையிலயும் பேக்கர் இறுக்கமா இருக்கணும், அப்பதான் கண்ணாடியே ஃப்ரேமத் தாங்கிப் பிடிக்கும், இல்லன்னா நாளாக நாளாக ஜன்னல் தொங்கி அடியில உரச ஆரம்பிச்சிடும். எங்க பெட்ரூம் ஜன்னல் மூடுறப்போ உரசுறதுக்கும் இதான் காரணம், புதுசா எதுவும் வாங்காம பேக்கர மட்டும் சரி பண்ணி நிமிர்த்திட்டாரு, அதுக்கு தனியா காசு வாங்கல.

ஸ்பேசர் விஷயத்துல மட்டும் எனக்கு ஒரு குறை. பழைய வெள்ளி நிற அலுமினியப் பட்டை குளிர நேரா உள்ள கடத்தும், கண்ணாடி ஓரத்துல ஈரம் படியுறது அதனாலதான், இப்ப வார்ம் எட்ஜ்னு கறுப்பு பிளாஸ்டிக் பட்டை வருது. நான் கேட்டதுக்கு அப்புறம்தான் அந்த ஆப்ஷன சொன்னாரு, சூடு வெளிய போறத குறைக்க ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல ஆர்கான் வாயு நிரப்புறதும் அப்படித்தான். கொஞ்சம்தான் விலை வித்தியாசம், அவரே முன்கூட்டி சொல்லிருக்கலாம். நீங்க போனா வார்ம் எட்ஜ், ஆர்கான், லோ-ஈ மூணையும் வாய் விட்டுக் கேட்டு கோட்டேஷன்ல எழுதி வாங்குங்க. ஃபோன் எடுக்குறதும் கஷ்டம், பகல்ல வேலையில இருப்பாங்க, காலையில கடை திறந்ததும் நேர்ல போறதுதான் சரி, சனிக்கிழமை வீட்டுக்கு வந்து வேலை செய்ய மாட்டாங்க.

விலை, மேல் பகுதியில திறக்குற சின்ன ஜன்னல் (டாப் ஓப்பனர்) யூனிட்டுக்கு மாட்டுற கூலி, வாட் வரி எல்லாம் சேர்த்து 100 பவுண்டுக்கு கொஞ்சம் கம்மி, ஹால் பெரிய டஃபன்ட் யூனிட் அதப்போல ரெண்டு மடங்குக்கு மேல. சில இடத்துல வாட் சேர்க்காம விலை சொல்லிட்டு பில்லுல 20 சதவீதம் ஏத்துவாங்க, அத முதல்லயே கேட்டுக்குங்க. யூனிட்டுக்கு எழுத்துல கேரண்டி கொடுத்தாரு.

ஹிஞ்ச், ஹேண்டில் வேலைய நாங்க வீட்லயே செஞ்சோம், பார்ட்ஸ் மட்டும் அவர் கவுண்டர்ல வாங்கினது. பழசக் கழட்டி கையில எடுத்துட்டுப் போங்க, அதான் சுலபம். ஃப்ரிக்ஷன் ஹிஞ்ச்ல (இந்த ஜன்னல்கள்ல இருக்கிற நழுவித் திறக்குற கீல்) நீளம் மட்டும் பார்த்தா போதாது, மூடின நிலையில அதோட கனம் 13 மி.மீயா 17 மி.மீயான்னு பாக்கணும், தப்பா வாங்குனா ஒண்ணு ஜன்னல் மூடாது, இல்ல காத்து வரும். மாடி பெட்ரூம்ல தீ பிடிச்சா தப்பிக்க அகலமா திறக்குற எக்ரெஸ் ஹிஞ்ச் போட்டிருந்தா அதே வகைதான் திரும்பப் போடணும், விலை கம்மின்னு சாதா ஹிஞ்ச் போட்டுடாதீங்க. இதையும் கவுண்டர்ல இருந்தவங்களே கேட்டு உறுதி பண்ணிக்கிட்டாங்க. ஹேண்டில்ல பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற 7 மி.மீ சதுரக் கம்பியோட நீளத்த அளந்துக்கணும். ஹேண்டில் சுத்துது ஆனா ஜன்னல் திறக்கலன்னா ஹேண்டில் மாத்தி பிரயோஜனம் இல்ல, உள்ள இருக்கிற லாக் கியர்பாக்ஸ் போயிருக்கும். மூடியும் காத்து வருதுன்னா செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு, ஜன்னல் ஓரத்துல லாக்கோட சேர்ந்து நகர்ற உருண்டை கேம் இருக்கும், பல வகையில அத ஆலன் கீ போட்டுத் திருப்பினா இன்னும் இறுக்கமா மூடும், அதுக்கும் அடங்கலன்னா கேஸ்கெட் மாத்துங்க. அதுக்கும் பழசுல ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டுப் போகணும், வடிவம் நூறு விதம் இருக்கு.

இன்னொரு சர்வீஸ் விளம்பரத்துல வரும், கண்ணாடியில ஓட்டை போட்டு உள்ள இருக்கிற ஈரத்த காய வச்சு சின்ன வால்வ் வச்சுடுறோம், பாதி விலைன்னு. எனக்கு அது வேண்டாம்னு தோணுது. சீல் சீலாவே இல்ல, ஆர்கான் போனது போனதுதான், உள்ள ஏற்கனவே படிஞ்ச வெள்ளைக் கறை எல்லா நேரமும் போகாது, டஃபன்ட் கண்ணாடியில ட்ரில் வச்சா பொடிப்பொடியா நொறுங்கிடும்.

சர்டிஃபிகேட் பத்தி நிறைய பேருக்கு பயம் இருக்கு. இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 1 ஏப்ரல் 2002க்கு அப்புறம் ஜன்னல ஃப்ரேமோட மாத்துனா ஃபென்சா மாதிரி ஜன்னல் போடுறவங்களுக்கான அமைப்புல பதிவு பண்ண ஆளு செய்யணும், இல்ல கவுன்சில் பில்டிங் கன்ட்ரோல்ல ஒப்புதல் வாங்கணும், வீட்ட விக்கிறப்போ சொலிசிட்டர் அந்தப் பேப்பர கேப்பாரு. கண்ணாடி யூனிட், ஹிஞ்ச், ஹேண்டில் மாத்துறதுக்கு அது தேவையில்ல, பில்ல மட்டும் பத்திரமா வைங்க. ஃப்ளாட்ல லீஸ்ஹோல்டா இருந்தா ஜன்னல் ஃப்ரீஹோல்டர் (கட்டடத்தோட சொந்தக்காரர்) பொறுப்பா உங்க பொறுப்பான்னு லீஸப் படிச்சுட்டு கூப்பிடுங்க. ஃப்ரேமே வளைஞ்சோ வெடிச்சோ இருந்தா, மரச்சட்டம் உளுத்திருந்தா இந்தக் கடை உங்களுக்கு உதவாது, அந்த வேலைய அவங்க எடுக்குறது இல்ல.

என் மதிப்பெண் அஞ்சுக்கு நாலரை. குளிர் ஆரம்பிச்சுட்டா ஆர்டர் குவிஞ்சு காத்திருக்க வேண்டி வரும்னு கடையிலயே சொல்றாங்க, அதனால ஜன்னல் மங்கியிருந்தா ஆகஸ்ட், செப்டம்பர்லயே போய் அளவு கொடுத்துடுங்க.