ரேட் பிளாக் பண்ணியாச்சுன்னு சொன்னா நம்பாதீங்க: ஜெர்மனிக்குப் பணம் அனுப்பப் போய் 40,314 ரூபாய் போச்சு

40,314 ரூபாய். பில், ஸ்விஃப்ட் காப்பி (வெளிநாட்டுக்குப் பணம் போனதற்கு வங்கி தரும் விவரத்தாள்), பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். கோவையில் டிக்கெட், விசா, பாரக்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் என்று பலகை மாட்டிய கடைகளில் ஒன்று, அவ்வளவு போதும்.

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) ஒரு வருடச் செலவைப் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ, 12 மாதத்துக்கு 11,904. அது முழுசாகப் போய்ச் சேர்ந்தால்தான் விசாவுக்குக் காட்டும் உறுதிச் சான்று வரும். படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றுக்கு 18,000 ரூபாய் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, அப்பாயின்ட்மென்ட்டும் கிடைத்த பிறகு கடைசியாகச் செய்கிற வேலை இது. அதனால் எல்லோரும் அவசரத்தில்தான் செய்கிறோம். கடைக்காரர்களுக்கும் அது தெரியும்.

கவுன்ட்டரில் இருந்த பையன் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினான்: ஒரு யூரோ 103.10. பக்கத்திலேயே போனில் கூகுள் ரேட், 102.40. "எழுவது பைசாதாங்ண்ணா எங்களுக்கு. பேங்க்ல இதைக் காட்டவே மாட்டாங்க. இப்பவே ரேட்டை பிளாக் பண்ணிர்றேன், பணத்தை மட்டும் மூணு மணிக்குள்ள போட்டு விட்ருங்ண்ணா." பிளாக் என்றால் அந்த ரேட்டை மாறாமல் பிடித்து வைப்பது. தன் லாபத்தை அவனே வாய்விட்டுச் சொன்னதும் நம்பிக்கை வந்துவிட்டது. அந்த ரேட்டை வாட்ஸ்அப்பிலும் அனுப்பினான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் ஏ2 படிவத்தில் யூரோத் தொகை இருந்தது, ரூபாய்க் கட்டம் காலி. "அது சிஸ்டத்துல வந்துரும்" என்றான். கையெழுத்துப் போட்டாயிற்று.

103.10 கணக்கில் 12,27,302 ரூபாய்தான் வரும். ஆனால் கேட்டது 12,80,000. "டிசிஎஸ், ஜிஎஸ்டி எல்லாம் கழிச்சு மிச்சத்தைத் திருப்பிருவோம்." (டிசிஎஸ் என்பது பணம் அனுப்பும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி.) பொறியே இதுதான். கையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுதலாக இருக்கும்போது ரேட்டை ஏற்ற அவர்கள் நம்மிடம் திரும்பக் கேட்கவே வேண்டியதில்லை.

ஆர்டிஜிஎஸ் போனது 2:20-க்கு. மறுநாள் மாலை வந்த பில்லில் ரேட் 105.90.

"பணம் கட் ஆஃப் தாண்டித்தான் கிரெடிட் ஆச்சுங்ண்ணா, மார்க்கெட் ஏறிருச்சு." ஆர்டிஜிஎஸ்ஸில் பணம் வந்த அரை மணி நேரத்துக்குள் வாங்கும் வங்கி வரவு வைத்தாக வேண்டும் என்பது விதி, பணம் போட்டதற்கான யூடிஆர் நம்பரும் கையில் இருக்கிறது. மார்க்கெட் கதையும் பொய். எஃப்பிஐஎல் என்ற அமைப்பு வேலை நாள்தோறும் மதியம் யூரோவுக்கு ரெஃபரன்ஸ் ரேட் போடுகிறது. இரண்டு நாளையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 18 பைசா. மீதி 2 ரூபாய் 62 பைசாவை ஏற்றியது மார்க்கெட் இல்லை, கடை. 2.80-ஐ 11,904-ஆல் பெருக்கினால் 33,331 ரூபாய். வாட்ஸ்அப்பைத் திறந்தால் ரேட் இருந்த இடத்தில் 'செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு சாம்பல் வரி.

அடுத்தது 1,770. முழுத்தொகையும் குறையாமல் போய்ச் சேர என்று சொல்லி வாங்கிய சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டியோடு. போய்ச் சேர்ந்தது 11,877 யூரோ. 27 குறைவு, சான்று நின்றுவிட்டது.

ஏன் குறைந்தது? இங்கிருந்து கிளம்பும் பணம் நேராகப் போவதில்லை, நடுவில் ஒன்றிரண்டு வங்கிகளைத் தாண்டுகிறது. செலவு யார் தலையில் என்பதற்கு மூன்று குறியீடு. ஓ-யூ-ஆர் என்றால் முழுதும் அனுப்புகிறவருக்கு. எஸ்-எச்-ஏ என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம் மட்டும் அனுப்புகிறவருக்கு, மீதி பெறுகிறவருக்கு; நடு வங்கி வரும் பணத்திலேயே பிடித்துக்கொள்ளும். பி-இ-என் என்றால் எல்லாமே பெறுகிறவருக்கு. பிளாக்டு அக்கவுண்டுக்கு ஓ-யூ-ஆர்தான் போட வேண்டும். அதற்குக் காசு வாங்கிக்கொண்டு எஸ்-எச்-ஏ போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஸ்விஃப்ட் காப்பியில் இந்தக் குறியீடு இருந்த 71ஏ வரியைப் பார்த்ததும்தான் தெரிந்தது. அந்தக் காப்பியையும் நான்காம் நாள்தான் கொடுத்தார்கள். அதுவரை வந்ததெல்லாம் பாதி வெட்டிய ஸ்கிரீன்ஷாட்.

குறைந்த 27 யூரோவை வேறு வங்கி வழியாக 104-க்கு வாங்கி ஓ-யூ-ஆரில் அனுப்ப 2,808, வங்கிக் கட்டணம் 2,360, கன்வர்ஷன் ஜிஎஸ்டி 45. எல்லாம் கூட்டினால் 40,314.

(அந்த பில்லில் ஒரே ஒரு வரி நேர்மையாக இருந்தது: கன்வர்ஷன் ஜிஎஸ்டி 1,037. பத்து லட்சம் வரை 5,500, அதற்கு மேல் 0.1 சதவீதம், அந்தத் தொகைக்கு 18 சதவீதம். சரியாகப் போட்டிருக்கிறார்கள். அரசாங்கத்துக்குப் போகிற காசில் மட்டும் கை வைக்கவில்லை.)

கேட்கப் போனால் கிடைத்த பதில்கள்: "மேனேஜர் சென்னை போயிருக்காருங்ண்ணா." "ஜெர்மனில இன்னைக்கு லீவு." "பணம் போய்ச் சேந்துருச்சில்லீங்ண்ணா, அப்புறம் என்ன?" நான்காவது முறை போனபோது மேனேஜர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஏ2 படிவத்தை எடுத்துக் காட்டினார். காலியாக இருந்த கட்டத்தில் இப்போது வேறு பேனாவில் 12,60,634. கீழே நம் கையெழுத்து.

அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதுகிற பொறுமை இல்லை. இதையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

ரேட் பிளாக் என்றால் மெயிலில் டீல் நம்பர், ரேட், தொகை, எத்தனை மணி வரை செல்லும் என்பது நான்கும் வர வேண்டும். வராத வரை ஒரு ரூபாய் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் அந்த நிமிடமே ஸ்கிரீன்ஷாட்.

ரவுண்டாகப் பணம் போடவே கூடாது. பைசா வரை கணக்குப் பார்த்து, அந்தத் தொகையை மட்டும்.

ஏ2-வில் காலிக் கட்டம் இருந்தால் குறுக்கே கோடு. கையெழுத்துப் போட்டதும் அங்கேயே போட்டோ.

ஓ-யூ-ஆரா எஸ்-எச்-ஏவா, எதைப் போடப்போகிறார்கள் என்று முன்பே கேளுங்கள். பணம் போன அன்றே முழு ஸ்விஃப்ட் காப்பி, 36 எழுத்துள்ள யூ-இ-டி-ஆர் நம்பரோடு. அந்த நம்பர் இருந்தால் பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியிடம் தேடச் சொல்லலாம்.

டிசிஎஸ் நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு மட்டும்தான். பிடித்தது உங்கள் பான் எண்ணில், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறினால் ரிட்டர்னில் வாங்கிக்கொள்ளலாம். அதனால்தான் 40,314-இல் அதைச் சேர்க்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகிவிட்டது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய 12 லட்சத்துச் சொச்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். திருப்புவதாகச் சொன்ன மிச்சம் ஒன்பதாம் நாள் வந்தது. 40,314 வரவில்லை. போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.