வந்த தண்ணீர் எங்கே போகும்? அட்டகாமா கரையில் லாரி, பனிவலை, கடல்நீர் ஆலை: ஓர் ஒப்பீடு

வட சிலியின் அட்டகாமா பாலைவனம் நேராகக் கடலில் போய் இறங்குகிறது. அன்டோஃபகாஸ்டா நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சில மில்லிமீட்டர்தான். இந்தக் கரை நெடுகச் சிறு சிறு மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. மீன்பிடிப்பதோடு, பாறையில் ஒட்டிக்கிடக்கும் லோக்கோ நத்தையையும் கடற்பாசியையும் எடுத்துப் பிழைப்பவர்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அருகில் ஆறும் ஏரியும் கிடையாது. இப்படிப்பட்ட ஊர்களுக்குத் தண்ணீர் கொடுக்க மூன்று வழிகள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன: லாரி, மூடுபனி வலை, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை.

இவற்றை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் லிட்டருக்கு என்ன செலவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் பார்வையில் அது பாதிக் கணக்கு. வீட்டுக்குள் வரும் தண்ணீரில் பெரும்பகுதி அழுக்காகி வெளியே போயாக வேண்டும். ஆளுக்கு எத்தனை லிட்டர் தருகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஊரில் எந்தக் கழிப்பறை வேலை செய்யும் என்பதே முடிவாகிறது. ஆகவே தண்ணீரையும் கழிவையும் ஒரே மேசையில் வைத்துத்தான் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

லாரித் தண்ணீர்

அட்டகாமாவின் தெற்கு ஓரத்தை ஒட்டிய கோகிம்போ மாநிலத்தில் சுங்குங்கோ என்று ஒரு மீனவ ஊர். 1990-களின் தொடக்கத்தில் சுமார் 330 பேர் வசித்தார்கள். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்து லாரி வரும்; வீட்டு வாசலில் இருக்கும் பீப்பாய்களை நிரப்பிவிட்டுப் போகும். ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது சுமார் 14 லிட்டர். பெரும்பாலான அடிப்படைத் தேவைகள் நிறைவேற ஆளுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

லாரியின் நல்ல பக்கம் ஒன்றுதான்: ஊர்க்காரர்கள் எந்த இயந்திரத்தையும் பராமரிக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக ஓட்டுநர், டீசல், சாலை, நகராட்சியின் நிதி என்று நான்கு பேரை நம்பி வாழ வேண்டும். குளோரின் போட்ட தண்ணீராகவே வந்தாலும், திறந்த பீப்பாயில் வெயிலில் நிற்கும்போது குளோரின் போய்விடுகிறது. கையும் குவளையும் படும்போது கிருமி சேர்கிறது. கழிவைப் பற்றி இங்கே பேச அதிகம் இல்லை. 14 லிட்டரில் கழிவுநீர் என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சாது. பாத்திரம் கழுவிய நீர் வாசலில் காய்ந்துவிடும். மலம் குழிக் கழிப்பறையில் விழும். சாக்கடைப் பிரச்சினை இல்லாததற்குக் காரணம் தண்ணீரே இல்லாததுதான். இதைச் சிக்கனம் என்று யாராவது பாராட்டினால் என்னால் ஏற்க முடியாது.

மூடுபனி வலை

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஆகவே இதைத்தான் கூடுதல் கண்டிப்போடு பார்க்க வேண்டியிருக்கிறது.

குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தின் மேல் தாழ்வாக ஒரு மேகப்படலம் உருவாகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்திருப்பதால் அது உயர முடியாமல், கரையோர மலைகளில் வந்து மோதுகிறது. உள்ளூரில் இதற்குக் கமான்சாகா என்று பெயர். இந்த மேகம் மழையாகாது. அதன் துளிகள் அவ்வளவு நுண்ணியவை. ஆனால் காற்றுவாக்கில் ஒரு வலையைக் கட்டினால் துளிகள் இழைகளில் மோதி, ஒன்றுசேர்ந்து, அடியிலுள்ள தகர வாய்க்காலில் வடிந்து குழாயில் இறங்கும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தோட்டங்களில் நிழலுக்குக் கட்டுகிறார்களே, அந்தப் பிளாஸ்டிக் வலையே போதும்.

சுங்குங்கோவுக்கு மேலே எல் டோஃபோ என்னும் கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கத்தின் மலைமுகட்டில், சுமார் 780 மீட்டர் உயரத்தில், 1987-இல் இந்த வலைகள் கட்டப்பட்டன. கனடாவின் நிதியுதவியோடு சிலியின் வனத்துறையும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை. மூடுபனி ஆய்வாளர்கள் பிலார் செரசெடா, ராபர்ட் ஷெமனாவர் ஆகியோரின் பெயர்கள் இதோடு பிரிக்க முடியாதவை. ஒவ்வொரு வலையும் 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். 1992-இல் 75 வலைகள் நின்றன; மொத்தம் 3,600 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரி 3 லிட்டர் என்றால், ஏறக்குறைய 11,000 லிட்டர். அந்த ஆண்டு மே மாதம் மலையிலிருந்து குழாய் வழியாக ஊருக்குத் தண்ணீர் வந்தது. ஆளுக்கு 33 லிட்டர். லாரி கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டுக்கு வீடு குழாய், காய்கறிப் பாத்தி, ஊர் பெருகியது.

அந்தப் பெருக்கமே நெருக்கடியையும் கொண்டுவந்தது. மக்கள்தொகை ஏறத்தாழ இரு மடங்கானது. வலைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. பனி ஒவ்வொரு நாளும் ஒரேபோல் வராது. சில பருவங்களில் கொட்டும், சிலவற்றில் மெலியும். மலைமுகட்டுக் காற்று வலையைக் கிழிக்கும், கம்பியை அறுக்கும். யாராவது தொடர்ந்து ஏறிப் போய்ச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்ய நிலையான ஆளும் பணமும் இல்லாமல் போயின. 2000-களின் தொடக்கத்தில் திட்டம் நின்றது. லாரி திரும்பி வந்தது. இதை வலையின் தோல்வி என்று எழுதுவது தவறு. துளியைப் பிடிப்பதில் வலை ஒருநாளும் பொய்த்ததில்லை. கிழிந்ததைத் தைக்கும் ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்ற கேள்வியை முதல் நாளே முடிவு செய்யாததுதான் கோளாறு.

கழிவுப் பக்கம் வருவோம். 6 லிட்டர் தொட்டியுள்ள ஃபிளஷ் கழிப்பறையை ஒருவர் நாளுக்கு ஐந்து முறை பயன்படுத்தினால் 30 லிட்டர் போய்விடும். மலையிலிருந்து அரும்பாடுபட்டு இறக்கிய 33 லிட்டரில் 30 லிட்டர்! பாதாளச் சாக்கடையும் இந்த அளவில் ஓடாது. திடக்கழிவைத் தள்ளிக்கொண்டு போக நீரோட்டம் பற்றாமல் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆக, பனிவலை ஊருக்குப் பொருந்துவது தண்ணீர் கேட்காத உலர் கழிப்பறைதான். குளித்த நீரும் துவைத்த நீரும் செடிகளுக்குப் போகலாம்.

செடி என்று வரும்போது இன்னொன்று. பனிநீரில் உப்பு மிகக் குறைவு, பயிருக்கு உகந்தது. சான்யரால் ஊருக்கு அருகே ஃபால்டா வெர்டேயில் மீனவர்களே பனிவலை நீரில் சோற்றுக்கற்றாழை வளர்க்கிறார்கள். கடல்நீர் ஆலைத் தண்ணீரில் தங்கிவிடும் போரான், குடிப்பவருக்குப் பெரிய கேடு செய்யாவிட்டாலும் எலுமிச்சை வகைகளைக் கருக்கும்.

கடல்நீர் ஆலை

அட்டகாமாவில் இது நேற்று வந்த யோசனை இல்லை. 1872-இல் அன்டோஃபகாஸ்டாவுக்கு உட்புறமாக லாஸ் சலினாஸ் என்ற இடத்தில், வெடியுப்புச் சுரங்கத்துக்காகக் கண்ணாடிக் கூரை வேய்ந்த சூரிய வடிகலம் ஒன்று அமைக்கப்பட்டது. உவர்நீரை வெயிலில் ஆவியாக்கி நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கும் மேல் நன்னீர் எடுத்தார்கள். பல பத்தாண்டுகள் அது ஓடியது.

இன்றைய ஆலை ஆர்.ஓ. முறையில், அதாவது கடல்நீரை உயர் அழுத்தத்தில் சவ்வுகள் வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் முறையில் ஓடுவது. அன்டோஃபகாஸ்டாவில் 2003-இல் பெரிய ஆலை வந்தது. அந்த நகரத்தின் தண்ணீர் வரலாற்றை அறிந்தவர்கள் கடல்நீர் ஆலையை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள். 1958 முதல் 1970 வரை ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த டோகோன்சே ஆற்று நீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 860 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. இன்று ஏற்கத்தக்க அளவு 10. 1970-இல் சுத்திகரிப்பு தொடங்கிய பிறகும், அந்தப் பன்னிரண்டு ஆண்டு நீரைக் குடித்தவர்களிடையே நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் தொடர்ந்தன. தூய மலையருவி என்று நம்பிக் குடித்த தண்ணீர் அது. கடல்நீரில் அந்த அபாயம் இல்லை.

மூன்றில் அளவிலும் நிதானத்திலும் வெல்வது இதுதான். 300 பேர் உள்ள ஊருக்கு ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளுக்கு 30,000 லிட்டர். பெரிய ஆலைகளில் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போகும். சிறு ஆலைகளில் அதைவிடக் கூடுதல். அந்தக் கரையின் வெயிலுக்குச் சூரியப் பலகைகளில் இதை எடுப்பது அப்படியொன்றும் அரிதல்ல. ஊர்ச்சங்கத்தைத் திணறடிப்பது வேறு: உயரழுத்தப் பம்பு, சவ்வுகளை மாற்றும் செலவு, கடலில் பாசி பெருகிச் செந்நிற அலை வரும் நாட்களில் அடைத்துக்கொள்ளும் வடிகட்டிகள். தொலைதூர நகரத்திலிருந்து மெக்கானிக் வரும்வரை ஊர் மீண்டும் லாரியைத்தான் எதிர்பார்க்கும்.

கழிவு இங்கே இரண்டு வகை. ஒன்று, ஆலையே துப்பும் உப்புநீர். உள்ளே இழுக்கும் கடல்நீரில் சுமார் 40 முதல் 45 விழுக்காடுதான் நன்னீராகும். மிச்சம் ஏறக்குறைய இரட்டை உப்போடு திரும்பும். அலை மோதும் திறந்த கரையில் சிறு ஊரின் உப்புநீர் விரைவில் கலந்துவிடும். அமைதியான குடாவில் விட்டால் கனமான அந்த நீர் அடியில் படுத்துக்கொள்ளும்; லோக்கோ வாழ்வதும் அந்த அடித்தரையில்தான். ஆகவே உப்புநீர் எங்கே விழ வேண்டும் என்பதை, பொறியாளருக்கு முன் பாசி எடுப்பவர்களிடம் கேட்க வேண்டும். நீரோட்டம் அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது வகை பற்றித்தான் போதிய பேச்சில்லை. 14 லிட்டரில் வாழ்ந்த ஊருக்கு 100 லிட்டர் வந்ததும் வீட்டுக்கு வீடு ஃபிளஷ் கழிப்பறை வருகிறது. அது நியாயமான ஆசை. சிலியின் நகரவாசிகளில் மிகப் பெரும்பாலோர் சாக்கடை இணைப்போடு வாழும்போது, மீனவருக்கு மட்டும் குழி போதும் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் 30,000 லிட்டரில் பெரும்பகுதி ஒவ்வொரு நாளும் மலத்தோடு வெளியேறும். அதற்கு இடம் எது?

அந்த இடத்துக்கான போட்டி

செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் என்பது முதல் விடை. மணலும் வெடிப்புப் பாறையுமான கரையில் உறிஞ்சுகுழி நீர் நேராகக் கடலோரத்துக்கு நகரும். ஆலைக்குக் கடற்கரைக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தால், ஊர் தன் கழிவையே சுற்றி வந்து குடிக்கும் நிலை. தொட்டியில் சேரும் கசட்டை அள்ள லாரியும் வேண்டும். தண்ணீர் லாரியை ஒழித்த ஊர் கசடு லாரிக்குக் காத்திருக்கும்.

கடலடிக் குழாய் இரண்டாவது. பெரிய நகரங்கள் ஆழ்கடல்வரை குழாய் போட்டு விடுகின்றன. சிறு ஊருக்கு அவ்வளவு நீளக் குழாய் கட்டுப்படியாகாது. குட்டையான குழாய் என்றால் கிளிஞ்சல் பாறைக்கே கழிவு திரும்பும். இதே பாலைக் கரையின் வடபகுதியான பெருவில் 1991 ஜனவரியில் கடலோர நகரங்களில் தொடங்கிய காலரா, அந்த ஓராண்டில் 3 லட்சத்துக்கும் அதிகமானோரைத் தாக்கியது. ஏறக்குறைய 2,900 பேர் இறந்தார்கள். கழிவு கலந்த குடிநீரும் பச்சையாக உண்ட கடலுணவும் அதைப் பரப்பின. கடல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்குச் சான்யரால் இன்னொரு பதில். 1938-இலிருந்து தாமிரச் சுரங்கக் கழிவு கோடிக்கணக்கான டன் அங்கே குடாவில் கொட்டப்பட்டதில், கடலே பின்வாங்கி, பழைய கரைக்கு முன்னால் கழிவால் ஆன புதுக் கரை உருவாகிவிட்டது. ஊர்மக்கள் நீதிமன்றம் போய் 1980-களின் இறுதியில் தடை வாங்கினார்கள்.

மூன்றாவது, சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் உலர் கழிப்பறை. சாம்பலோ சுண்ணாம்போ தூவிப் பல மாதம் மூடி வைத்தால் உலர்ந்து கிருமிகள் மடியும். மழையில்லாத வறண்ட ஊர் இதற்கு ஏற்ற இடம். எஞ்சுவது குளியல், துவைப்பு நீர் மட்டும். அதை மரங்களுக்கு விடலாம், உப்பு படியாமல் இடம் மாற்றிக்கொண்டே. என் தேர்வு இதுதான், குறைந்தது 500 பேருக்குக் கீழுள்ள ஊர்களுக்கு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வீட்டுக்குள், ஓடு பதித்து, நாற்றமில்லாமல், நகரக் கழிப்பறைக்கு எந்தக் குறையுமின்றிக் கட்டித்தர வேண்டும். ஏழைக்கான மாற்று என்ற தோற்றத்தில் கொடுத்தால் மக்கள் நிராகரிப்பார்கள், நிராகரிக்கவும் வேண்டும். அதைவிடப் பெரிய ஊர்களுக்குச் சிறு சுத்திகரிப்பு நிலையம் கட்டி, அந்த நீரைத் தோப்புக்கு விடுவதே சரி.

தண்ணீருக்கு? குடிக்கவும் குளிக்கவும் சிறு கடல்நீர் ஆலை. மலையும் பனியும் வாய்த்த ஊர்களில் பயிருக்கும் பழுது நாட்களுக்கும் பனிவலை. லாரி அவசரத்துக்கு மட்டும்.

சிலியில் கிராமக் குடிநீர்த் திட்டம் 1964-இல் தொடங்கியது. ஊர்ச்சங்கங்கள் பல பத்தாண்டுகளாகக் குடிநீரை மட்டும் கவனித்தன. கழிவு அவர்கள் பொறுப்பில் பெரும்பாலும் இல்லை. 2017-இல் நிறைவேறி 2020 நவம்பரில் நடைமுறைக்கு வந்த கிராமப்புறக் குடிநீர், கழிவுநீர்ச் சேவைச் சட்டம்தான் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. கட்டணம் நிர்ணயிக்கும்போது வலை தைப்பவரின் சம்பளம், சவ்வு மாற்றும் நிதி, கசடு அள்ளும் செலவு ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். அந்தத் தொகை மீனவக் குடும்பத்தின் வருவாய்க்குத் தாங்காது என்றால், மீதியை அரசு ஆண்டுதோறும் தர வேண்டும். திறப்பு விழா நாளோடு அரசின் செலவு முடிந்துவிடக் கூடாது.