மிக்ஸ் ஆல்பமா, கிளப் ஷோவா: டிஜேவுக்குக் காசு எதில்?

லண்டன் ஃபேப்ரிக் கிளப் 1999-ல் திறந்தது. 2001 கடைசியில் மாதம் ஒரு மிக்ஸ் சிடி (டிராக்குகளை டிஜே இடைவெளியின்றி இணைத்த தொகுப்பு) என்று ஆரம்பித்து, தகர டப்பாவில் அடைத்து, 2018 வரை இரண்டு வரிசைகளில் நூறு நூறாக 200 ஆல்பம் போட்டது. பெர்லினின் ‘டிஜே கிக்ஸ்’ வரிசை அதற்கும் மூத்தது, 1995-லேயே வந்துவிட்டது. இவற்றில் பெயர் வருவது டிஜேவுக்குப் பெரிய அங்கீகாரம். ஆனால் அங்கீகாரம் வேறு, வங்கியில் விழும் தொகை வேறு.

ஃபோர்ப்ஸ் பட்டியலில் 2014-ல் ஸ்காட்லாந்து டிஜே கால்வின் ஹாரிஸுக்கு 6.6 கோடி டாலர் என்று வந்ததே என்பார்கள். அது லாஸ் வேகாஸின் பெரிய கிளப்புகளின் கணக்கு. இங்கே பேச்சு 300 பேர் நிற்கும் கிளப்பில் வாசிக்கும் டிஜேவைப் பற்றி.

மிக்ஸ் ஆல்பத்தின் கணக்கு

ஒவ்வொரு டிராக்கிலும் இரண்டு உரிமைகள் உண்டு: பதிவின் உரிமை அதை வெளியிடும் நிறுவனமான லேபிளிடம், இசையமைப்பின் உரிமை பதிப்பாளரிடம். இரண்டு பேருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதில்தான் டிஜேவின் பங்கு. 20 டிராக் கொண்ட ஒரு சிடி கடைக்காரருக்கு 7 பவுண்டு விலையில் 5,000 பிரதி போகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 35,000 பவுண்டு. இசையமைப்புக்கு பிரிட்டனின் உரிமைத்தொகை வசூல் அமைப்பான எம்சிபிஎஸ் வாங்குவது அந்த விலையில் 8.5 சதவீதம், அது 2,975. பதிவு உரிமைக்கு டிராக்குக்கு 200 வீதம் முன்பணம் என்றாலே 4,000. அச்சு, டப்பா, விளம்பரம், விநியோகஸ்தர் கமிஷன் தனி. டிஜேவுக்கு 4 சதவீத ராயல்டி பேசியிருந்தால் 1,400 பவுண்டு. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்றே 2,000 அட்வான்ஸ் வாங்கியாயிற்று. இன்னும் 600 கழிய வேண்டும். 7,143-ஆவது பிரதி விற்ற பிறகுதான் புதுக்காசு வர ஆரம்பிக்கும். (சதவீதமும் முன்பணமும் லேபிளுக்கு லேபிள் மாறும்; கணக்குப் போடும் விதம் இதுதான்.)

ஆக, ஆல்பத்தில் டிஜே உறுதியாகப் பார்க்கும் பணம் அட்வான்ஸ் மட்டுமே. ஒப்பந்தத்தில் அந்த ஒரு எண்ணுக்காக மல்லுக்கட்டுவது ராயல்டி சதவீதத்தை அரை புள்ளி ஏற்றுவதைவிடப் பலன் தரும்.

பணத்தைவிட நேரத்தைத் தின்பது அனுமதி வாங்குவது. 20 டிராக் வேண்டுமென்றால் 30-க்காவது கடிதம் போட வேண்டும். சில லேபிள்கள் பதிலே போடாது. சில டிராக்குகளுக்குள் அனுமதியில்லாத சாம்பிள் (வேறொரு பதிவிலிருந்து எடுத்த துண்டு) ஒளிந்திருக்கும். அதை விற்ற லேபிளாலேயே உத்தரவாதம் தர முடியாது. அனுமதி வரும் முன்பே மிக்ஸைப் பதிவு செய்துவிட்டு, 9-ஆவது டிராக் கடைசியில் கைவிட்டுப் போனால், 8-க்கும் 10-க்கும் இடையே புது இணைப்பு வேண்டும். சுருதியும் வேகமும் பொருந்தாவிட்டால் அதற்கு முன்பின் உள்ளவையும் ஆட்டம் காணும். பட்டியல் முழுதும் எழுத்தில் உறுதியான பிறகே ஸ்டுடியோவுக்குள் போவது நல்லது.

ஸ்ட்ரீமிங்கில் இன்னொரு பொறி. 74 நிமிட மிக்ஸை ஒரே கோப்பாக ஏற்றினால், முழுதும் கேட்டாலும் அது ஒரு பிளேதான். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டாலே ஒரு பிளே கணக்காகிவிடுகிறது. அதனால்தான் மிக்ஸை டிராக் டிராக்காக வெட்டி, பெயருக்குப் பின்னால் ‘மிக்ஸ்டு’ என்று சேர்த்து ஏற்றுகிறார்கள். சிடிக்கு வாங்கிய அனுமதி இதற்குச் செல்லாது என்பதால் பழைய மிக்ஸ்கள் பல ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பதில்லை. ஆப்பிள் மியூசிக் 2021-ல் ஷஸாம் தொழில்நுட்பத்தால் மிக்ஸுக்குள் இருக்கும் டிராக்குகளை அடையாளம் கண்டு டிஜேவுக்கும் மூலக் கலைஞர்களுக்கும் பணம் பிரிக்க ஏற்பாடு செய்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதை நம்பி வாடகை கட்ட முடியாது.

ஒரே விதிவிலக்கு: எல்லா டிராக்கும் சொந்தமாக இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். டிஜே ரிக்கார்டோ வில்லாலோபோஸ் 2007-ல் ஃபேப்ரிக் வரிசையின் 36-ஆவது ஆல்பத்தை முழுக்கத் தன் படைப்புகளாலேயே கட்டினார். அப்படிச் செய்தால், வெளியே போகும் உரிமைப் பணம் டிஜேவுக்கே திரும்பி வரும்.

ஷோவின் கணக்கு

லண்டன் டிஜே ஒருவருக்கு பெர்லினில் 2,000 யூரோ ஷோ. ஜெர்மனி வெளிநாட்டுக் கலைஞர்களிடம் பிடிப்பது 15 சதவீதமும் அதன் மேல் கூடுதல் வரியும், மொத்தம் 15.825. (ஒரு ஷோவுக்கு 250 யூரோ வரை பிடித்தம் இல்லை.) அதில் 316.50 போயிற்று. புக்கிங் ஏஜென்டுக்கு 15 சதவீதம் 300, மேனேஜருக்கு இன்னொரு 300. இருவருமே மொத்தத் தொகையில்தான் எடுப்பார்கள். மிச்சம் 1,083.50. ‘ஆல்-இன்’ ஒப்பந்தம் என்றால் விமானம், ஹோட்டல், டாக்ஸி எல்லாம் டிஜே தலையில்; அது 350 ஆனால் கையில் நிற்பது 733.50. ஆகவே 2,000 ஆல்-இன்னைவிட, 1,700-உடன் பயணமும் தங்கலும் ஷோ நடத்தும் புரமோட்டர் பொறுப்பு என்ற பேச்சு பெரும்பாலும் லாபம். வரிப் பிடித்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல் சொந்த நாட்டில் அந்த வரியைக் கழித்துக்கொள்வது கஷ்டம்.

வாசல் வசூல் ஒப்பந்தம் என்றால் இன்னும் கவனம் தேவை. ‘800 யூரோ உறுதி, அல்லது செலவு போக வசூலில் 70 சதவீதம், எது அதிகமோ அது’ என்று இருக்கிறது. 300 டிக்கெட், தலா 15: வசூல் 4,500. செலவு 2,500 என்றால் டிஜேவுக்கு 1,400. புரமோட்டர் ஒலி அமைப்பு வாடகை, போஸ்டர், துணை டிஜே சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்து 3,500 என்று காட்டினால் வசூல் பங்கு 700-க்கு இறங்கி, உறுதித் தொகை 800-தான் கிடைக்கும். எவையெல்லாம் செலவு, உச்சவரம்பு எவ்வளவு, விருந்தினர் பட்டியலில் எத்தனை பேர் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பாதிப் பணம் ஒப்பந்தத்தோடு, மீதி டிஜே வாசிக்கத் தொடங்கும் முன். விடிகாலை ஐந்து மணிக்கு புரமோட்டரைத் தேடி அலையக் கூடாது.

ரைடரில் (டிஜேவின் தேவைகளைச் சொல்லும் ஒப்பந்த இணைப்பு) எழுதும் கருவியும் பணம்தான். டிஜே பிளேயரில் புது மாடலான சிடிஜே-3000 கேட்டு, கிளப்பில் பழைய 2000நெக்ஸஸ்2 மட்டும் இருந்தால் வாடகை யாருக்கு? அதோடு, எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்த யுஎஸ்பியை 3000 படிக்கும், நெக்ஸஸ்2 படிக்காது. ஃபாட்32-ல் ஒரு பிரதி எப்போதும் பையில் இருக்கட்டும்.

கிளப் கட்டும் இசை உரிமக் கட்டணம் டிஜேவுக்கு வருவதில்லை. ஒலித்த டிராக்குகளின் இசையமைப்பாளர்களுக்குப் போக வேண்டியது அது. பிரிட்டனின் பிஆர்எஸ், ஜெர்மனியின் கெமா போன்ற உரிமைத்தொகை வசூல் அமைப்பில் தன் டிராக்குகளைப் பதிந்து, ஷோவில் வாசித்ததற்குப் பட்டியலும் கொடுப்பவருக்கு அதில் சிறு தொகை உண்டு.

எதை எடுப்பது?

சொந்த டிராக் இல்லாத டிஜேவுக்கு ஷோதான் சம்பாத்தியம். அவர் அனுமதி வாங்கி ஆல்பம் போட மெனக்கெடுவதைவிட மிக்ஸ்கிளவுட் போன்ற உரிமம் பெற்ற தளத்தில் மாதம் ஒரு மிக்ஸ் போடுவது மலிவு. புரமோட்டர்கள் கேட்பதும் அதைத்தான். பெயர் பெற்ற வரிசை ஒன்று தானாக அழைத்தால் மட்டும் ஆல்பத்துக்குச் சம்மதிக்கலாம். அதன் பயன் ராயல்டியில் கிடைக்காது, ஷோ கட்டணத்தில் கிடைக்கும்: 2,000 என்பது 3,000 ஆனால், சில இரவுகளிலேயே அந்த அட்வான்ஸ் அளவு கூடுதல் வந்துவிடும். இதில் நாள் கணக்குதான் முக்கியம். ஆல்பம் பிப்ரவரியில் வருகிறதென்றால், ஏஜென்ட் டிசம்பரிலேயே கோடைத் தேதிகளைப் பழைய விலைக்கு உறுதி செய்துவிடாமல் தடுக்க வேண்டும்.