கொழுக்கட்டைப் புல்லோடு குதிரை மசால்: கலந்து போட்ட அனுபவம்

குதிரை மசால் (லூசர்ன் என்ற பயறுவகைத் தீவனப் பயிர்) என்றாலே எல்லோரும் புரதத்தைத்தான் பேசுகிறார்கள். தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) அறுத்துக் காயவைத்த கொழுக்கட்டைப் புல்லோடு அதைக் கலந்து, சில ஆண்டுகளாக இரண்டு குதிரைகளுக்குப் போட்டு வருகிறேன். புரதம் எனக்கு இரண்டாம்பட்சம். நான் மசாலுக்குப் பணம் செலவழிப்பது சுண்ணாம்புச் சத்துக்காக, அதாவது கால்சியத்துக்காக.

கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். புல்லிலுள்ள கால்சியத்தை அது கட்டிப்போட்டுவிடுகிறது. மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டை உடைத்துவிடுவதால் அதே புல்லில் மாடு நன்றாக வளர்கிறது. குதிரை கால்சியத்தைச் சிறுகுடலில் உறிஞ்சியாக வேண்டும். அங்கே உடைக்க ஆளில்லை. மாதக்கணக்கில் இந்தப் புல்லை மட்டுமே தின்றால், உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். நடை கெடும், முகத்தெலும்பு இருபுறமும் உப்பும்.

இதற்கு மேல் கோதுமைத் தவிடு வேறு. தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. குதிரைக்குக் கால்சியம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். இருந்தும் தவிடு வைக்காத லாயத்தைப் பார்ப்பது அரிது! மசாலில் கணக்கு தலைகீழ்: கால்சியம் பாஸ்பரஸைப்போல ஐந்து மடங்கு வரை இருக்கும்.

அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய பெட்டைக்குதிரை வந்தபோதே தரையைச் சோதித்துச் சோதித்துக் கால் வைத்தது. கன்னத்தைத் தடவிப் பார்த்த கால்நடை மருத்துவர் தவிட்டை நிறுத்தி மசாலைச் சேர்க்கச் சொன்னார். சில மாதங்களில் நடை தேறியது. கன்னத்து மேடு மட்டும் முழுவதும் வடியவில்லை.

அது 400 கிலோ இருக்கும். நாளுக்கு எட்டுக் கிலோ உலர்தீவனத்தில் இரண்டு கிலோ மசால், மீதி புல். மசாலைக் கூட்டினால் தண்ணீர் அதிகம் குடிக்கிறது, மூத்திர நெடியில் லாயத்துக்குள் நிற்க முடிவதில்லை. வேலையில்லாமல் நிற்கும் ஆண்குதிரைக்குக் கொழுப்பு ஏறிவிட்டதால் மசால் அளவைக் குறைத்தேன். புதிதாகச் சேர்ப்பவர்கள் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

மசால் காயவைப்பது பொறுமை கேட்கும் வேலை. பூக்கத் தொடங்கும்போதே அறுத்துவிட வேண்டும். உச்சிவெயிலில் புரட்டினால் இலை முழுவதும் உதிர்ந்து தண்டு மட்டும் மிஞ்சும். பனி ஈரம் இருக்கையில் புரட்டுகிறேன். ஈரம் போகாமல் போர் போட்டால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பூசணத் தீவனம் இருமலிலும் வயிற்றுவலியிலும் கொண்டுபோய்விடும்.

இரண்டையும் தனித்தனியாக வைத்தால் மசாலைத் தின்றுவிட்டுப் புல்லை மிதிக்கும். நறுக்கிக் கலந்து வைப்பதே வழி.

கோடையில் மசால் கிடைக்காதபோது நிலக்கடலைக் கொடி கைகொடுக்கிறது. மண்ணை நன்றாக உதறியாக வேண்டும். மண் குடலில் தங்கினாலும் வயிற்றுவலிதான். பயறுவகைதானே என்று சூபாபுல் தழையை மட்டும் வெட்டிப் போடாதீர்கள். அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு பிடரிமயிரையும் வால்மயிரையும் கொட்டவைத்துவிடும்.